படத்தைத் திருப்பிப் பாருங்கள்

எல்பி ரெக்கார்டு சேர்த்துக் கை பழகி, இப்போது சுவரில் மாட்ட இசைப் புகைப்படம் தேடிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு,



ரெக்கார்டு அலமாரி நிரம்பிய வீட்டில் அடுத்ததாகக் கண் சுவர்மேல் போவது இயல்புதான். கொஞ்ச காலமாக உங்களில் பலர் எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, ‘இது சரியான விலையா? வாங்கலாமா?’ என்று கேட்கிறீர்கள். ஹெண்ட்ரிக்ஸ், டிலன், மைல்ஸ் டேவிஸ், டேவிட் போவி. கீழே வெள்ளை ஓரத்தில் பென்சிலால் 37/150 என்று ஓர் எண், பக்கத்தில் ஒரு கையெழுத்து. அனுப்புகிற படம் எல்லாமே முன்பக்கம். அதை ரெக்கார்டு உறையிலும் புத்தகத்திலும் நீங்களும் நானும் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. எனக்குப் பின்பக்கத்தை அனுப்புங்கள். யார் பிரின்ட் போட்டது, எந்த ஆண்டு, எந்தத் தாளில், யார் மேற்பார்வையில் என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். அல்லது எழுதாமல் விட்டிருப்பார்கள். நீங்கள் கொடுக்கும் காசு அந்த விவரத்துக்குத்தான். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதி மாளவில்லை என்பதால் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். படத்தில் இருக்கும் கையெழுத்து படம் எடுத்தவருடையது, பாடியவருடையது அல்ல. சான் குவென்டின் சிறையில் 1969 பிப்ரவரியில் ஜானி கேஷ் கேமராவை நோக்கி நடுவிரலைக் காட்டும் படத்தில் கையெழுத்திட்டவர் ஜிம் மார்ஷல். சிறை அதிகாரிக்காக ஒரு படம் எடுக்கலாம் என்று மார்ஷல் கேட்க, கேஷ் தந்த பதில் அந்த விரல். பாடகரின் கையெழுத்துதான் வேண்டும் என்பவர்கள் போக வேண்டியது ஆட்டோகிராஃப் சந்தைக்கு. அங்கே போலி மலிந்து கிடக்கிறது. அதில் நான் தலையிடுவதில்லை.

இந்தப் படங்களில் எதுவுமே சுவரில் மாட்டுவதற்காக எடுத்ததல்ல. பத்திரிகைக்கு, ரெக்கார்டு உறைக்கு, விளம்பரத்துக்கு என்று எடுத்தவை. வேலை முடிந்ததும் கூலி, அதோடு சரி. 1956-இல் ஆர்சிஏ விக்டர் நிறுவனம், அப்போதுதான் தலைதூக்கிக்கொண்டிருந்த எல்விஸ் பிரெஸ்லியைப் படமெடுக்க ஆல்ஃபிரட் வெர்தைமர் என்ற இளைஞரை அமர்த்தியது. அந்த ஜூன் 30 அன்று ரிச்மண்ட் நகரின் மாஸ்க் தியேட்டரில், மேடைக்குப் போகும் வழியில், மங்கிய வெளிச்சத்தில் ஒரு பெண்ணோடு எல்விஸ் நாக்கை நீட்டி விளையாடுவதை வெர்தைமர் எடுத்தார். இன்று ‘முத்தம்’ என்ற பேரில் அந்தப் படம் உலகம் சுற்றுகிறது. நெகட்டிவ்கள் வெர்தைமரிடமே தங்கின. ஆனால் 1977-இல் எல்விஸ் இறக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷம், அவற்றைத் தேடி யாரும் பெரிதாக வரவில்லை. எல்விஸ் செத்த பிறகு தொலைபேசி ஓயவில்லை.

அந்தத் தலைமுறைப் படக்காரர்கள் பலருக்கும் கதை இதுதான். இளமையில் எடுத்த படங்களுக்கு முதுமையில்தான் காசு வந்தது. கையெழுத்திட்ட பிரின்ட் என்பது அவர்கள் தங்களுக்குத் தாங்களே ஏற்படுத்திக்கொண்ட பென்ஷன். 2001-இல் நியூயார்க்கில் தொடங்கிய மாரிசன் ஹோட்டல் கேலரியை நிறுவிய மூவரில் ஒருவர் ஹென்றி டில்ட்ஸ். டோர்ஸ் குழுவின் ‘மாரிசன் ஹோட்டல்’ ஆல்பத்துக்கு உறைப்படம் எடுத்தவர் அவர்தான். லாஸ் ஏஞ்சலிஸில் அதே பெயரில் இருந்த மலிவு விடுதியில் உள்ளே படமெடுக்க அனுமதி மறுத்துவிட்டார்கள். வரவேற்பாளர் நகர்ந்த நேரம் பார்த்து ஜிம் மாரிசனும் மற்றவர்களும் உள்ளே ஓடிப்போய்க் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார, டில்ட்ஸ் தெருவில் நின்றபடி எடுத்துவிட்டார். படக்காரரே கூட்டாளியாக இருக்கும் கடை என்பது சேகரிப்பவருக்குக் கொஞ்சம் தைரியம் தரும் விஷயம்.

ஹெர்மன் லியோனார்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நல்ல பிரின்ட் எது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அவருடைய ஜாஸ் படங்களைத்தான். கனடாவின் புகழ்பெற்ற உருவப்படக் கலைஞர் யூசுஃப் கார்ஷிடம் உதவியாளராக இருந்துவிட்டு நியூயார்க் வந்தவர். 1948-இல் ராயல் ரூஸ்ட் என்ற கிளப்பில் டெக்ஸ்டர் கார்டனை எடுத்தார். சாக்ஸஃபோனை மடியில் சாய்த்துக்கொண்டு, தொப்பியும் தானுமாக கார்டன் நிமிர்ந்து பார்க்கிறார். சிகரெட்டிலிருந்து எழும் புகை அவர் முகத்தைவிடப் பெரிதாக விரிந்து கருப்புப் பின்னணியை நிறைக்கிறது. விளக்கைப் பின்பக்கமாக வைத்ததால் புகை தானே ஒளிர்வதுபோல் இருக்கும்.

நெகட்டிவில் அந்தப் புகை வெறும் கருத்த திட்டு. அதைத் தாளில் கொண்டுவருவது இருட்டறை வேலை. என்லார்ஜர் வெளிச்சம் விழும் சில நொடிகளுக்குள் முகத்தின்மேல் கையை ஆட்டி நிழல் காட்டி, அது கருத்துப்போகாமல் காக்க வேண்டும். புகையின் அடர்ந்த பகுதிக்கு மட்டும் கூடுதலாக வெளிச்சம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கே தாளின் வெள்ளை மட்டும் மிஞ்சும், புகையின் சுருள் தெரியாது. பின்னணியை முழுக் கருப்பில் விடுவதா, டிரம்ஸ் கொஞ்சம் தெரிய விடுவதா என்பதும் அங்கேதான் முடிவாகிறது. ஒரே நெகட்டிவை பத்துப் பேர் கையில் கொடுத்தால் பத்து விதமான புகை வரும். எடுத்தவரே போட்ட பிரின்ட்டில் இருப்பது அவர் மனதில் இருந்த புகை. என்னைக் கேட்டால், பென்சில் கையெழுத்தைவிட இதுதான் அவருடைய அசல் கையெழுத்து.

இந்தப் படங்களின் நெகட்டிவ்கள் பெட்டியில் பல பத்தாண்டு தூங்கின. 1985-இல் பாரிஸில் ஒரு புத்தகம், 1988-இல் லண்டனில் ஒரு கண்காட்சி என்று வந்த பிறகுதான் லியோனார்டின் பெயர் பரவியது. பின்னர் அவர் நியூ ஆர்லியன்ஸில் குடியேறினார். 2005-இல் கத்ரீனா புயல் வந்தபோது அவர் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து சுமார் எட்டாயிரம் பிரின்ட்கள் அழிந்தன. நெகட்டிவ்களை மட்டும் அந்த ஊர் ஆக்டன் அருங்காட்சியகத்தின் பெட்டகத்தில் முன்கூட்டியே சேர்த்திருந்ததால் அவை தப்பின. எந்தப் படத்துக்கு எத்தனை நொடி, எந்தத் தாள் என்று எழுதிவைத்திருந்த குறிப்புகளும் தண்ணீரோடு போயின. நெகட்டிவ் இருக்கும்போது பிரின்ட் போனால் என்ன என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். லியோனார்ட் 2010-இல் காலமானார்.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். 37/150 என்றால் 150 பிரின்ட்களில் இது 37-ஆவது என்று பொருள். இந்தப் பழக்கம் செம்புத்தகட்டில் செதுக்கி அச்சடித்த காலத்திலிருந்து வந்தது. அச்சடிக்க அடிக்கத் தகடு தேயும். ஆகவே அங்கே எண்ணிக்கைக்கு வரம்பு தானாகவே வந்தது, முதல் அச்சுக்கு மதிப்பும் கூடியது. நெகட்டிவ் அப்படித் தேய்வதில்லை. கம்ப்யூட்டர் கோப்பு தேயும் பேச்சுக்கே இடமில்லை. இங்கே 150 என்பது விற்பவர் கொடுக்கும் வாக்கு, அவ்வளவுதான். அந்த வாக்கை எழுத்தில் எப்படிக் கொடுத்திருக்கிறார் என்பதில்தான் உங்கள் பணத்தின் பாதுகாப்பு இருக்கிறது.

உதாரணமாக, 150 என்பது இந்த அளவுக்கு மட்டுமா, எல்லா அளவுக்கும் சேர்த்தா? பெரும்பாலும் இந்த அளவுக்கு மட்டும்தான். 11-க்கு 14 அங்குலத்தில் 150, 16-க்கு 20-இல் 75, அதைவிடப் பெரியதில் 25 என்று ஒரே படம் படிப்படியாக இருக்கும். அதற்கு மேல் கலைஞரின் சொந்தப் பிரதிகள் என்று ‘ஏபி’ முத்திரையோடு சில. கூட்டிப் பார்த்தால் 150 எங்கே நிற்கிறது? ஐரோப்பிய ஒன்றியத்தின் வரிச்சட்டம் இதில் கறாரானது. எடுத்தவரே அல்லது அவர் மேற்பார்வையில் போட்டு, கையெழுத்தும் எண்ணும் இட்டு, எல்லா அளவும் சேர்த்து 30 பிரதிக்கு மிகாமல் இருந்தால்தான் அங்கே ஒரு புகைப்படம் கலைப்பொருள். அந்த அளவுகோலை வைத்தால் நமக்கு வரும் பட்டியல்களில் பாதி தேறாது.

இன்னொன்று. எண் வரிசைக்கும் தரத்துக்கும் தொடர்பு இல்லை. 1/150 ஒன்றும் உசத்தி அல்ல. ஆனால் விலைக்கும் எண்ணுக்கும் தொடர்பு உண்டு. பிரதிகள் விற்று மிச்சம் குறையக் குறையக் கேலரி விலையை ஏற்றிக்கொண்டே போகும். ஆகவே ஒரே படத்துக்கு 20-ஆவதை வாங்கியவரும் 140-ஆவதை வாங்கியவரும் கொடுத்த தொகை வேறு வேறாக இருக்கும். ‘போன வருஷம் என் நண்பன் பாதி விலைக்கு வாங்கினான்’ என்று ஒருவர் கோபப்பட்டிருந்தீர்கள். ஏமாற்று இல்லை, ஏற்பாடே அப்படி.

வாக்கு எவ்வளவு தூரம் நிற்கும் என்பதற்கு இசைக்கு வெளியே ஒரு வழக்கு இருக்கிறது. சேகரிப்பவர் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அமெரிக்க வண்ணப் புகைப்படத்தின் முன்னோடி வில்லியம் எகிள்ஸ்டன், தம்முடைய பழைய படங்கள் சிலவற்றை மிகப் பெரிய அளவில், டிஜிட்டல் முறையில் புதிதாகப் போட்டு 2012 மார்ச்சில் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்றார். 36 பிரின்ட்கள், சுமார் 59 லட்சம் டாலர். அதே படங்களைப் பழைய முறையில், குறைந்த எண்ணிக்கைப் பதிப்பு என்ற உறுதியோடு வாங்கி வைத்திருந்த ஒரு சேகரிப்பாளர் வழக்குப் போட்டார். 2013-இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. அளவும் முறையும் மாறினால் அது வேறு பதிப்பு என்று ஆகிவிட்டது. நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் பிரின்ட் விற்பனைக்கென்றே சட்டம் உண்டு. விற்பவர் என்னென்ன விவரத்தை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் எழுதிக் கொடுத்ததற்கு மேல் அது உங்களுக்கு எதையும் வாங்கித் தராது.

எடுத்தவர் காலமான பிறகு சங்கதி இன்னும் மாறுகிறது. ஜிம் மார்ஷல் 2010-இலும், டெரி ஓ’நீல் 2019-இலும், ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் முதல் தலைமைப் புகைப்படக்காரர் பேரன் வுல்மன் 2020-இலும், மிக் ராக் 2021-இலும் போய்ச் சேர்ந்தார்கள். அதோடு அவர்கள் கையெழுத்திட்டவை முடிந்த கணக்கு. அதன்பின் வருபவை வாரிசுகளோ, ஆவணத்தைப் பராமரிப்பவர்களோ முத்திரையிட்டு விற்பவை. அவை மட்டம் என்று சொல்லமாட்டேன். பல அருமையாக இருக்கின்றன. விலை மட்டும் கையெழுத்திட்டதன் விலையாக இருக்கக்கூடாது. புளூ நோட் நிறுவனத்தின் பிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த கோல்ட்ரேன், லீ மார்கன் படங்கள்மேல் நம்மில் பலருக்கு ஆசை. பெர்லினிலிருந்து 1939-இல் நியூயார்க் வந்து, பகலில் கணக்கும் இரவில் ரெக்கார்டிங் அறையில் கேமராவுமாக வாழ்ந்த மனிதர். 1971-இல் இறந்துவிட்டார், இப்படி ஒரு சந்தை உருவாவதை அவர் பார்க்கவே இல்லை. வுல்ஃப் கையெழுத்தோடு எண் போட்ட பிரின்ட் என்று யாராவது நீட்டினால், கும்பிட்டுவிட்டு நகருங்கள்.

வில்லியம் காட்லீப் கதை இதற்கு நேர் எதிர். பில்லி ஹாலிடே கண்மூடிப் பாடும் படம், மின்டன்ஸ் கிளப்பில் தெலோனியஸ் மங்க் பியானோ முன் இருக்கும் படம் எல்லாம் 1940-களில் அவர் எடுத்தவை. அந்தத் தொகுப்பை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வாங்கியது. 2010-இல் அவை பொதுவுடைமை ஆயின. யார் வேண்டுமானாலும் நூலகத்திலிருந்து நல்ல கோப்பை இலவசமாக எடுத்துப் பிரின்ட் போட்டுக்கொள்ளலாம். அதையே பட்டு ரிப்பன் கட்டி ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ என்று நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். காட்லீப் தாமே உயிரோடு இருந்தபோது கையெழுத்திட்டது என்றால் அது வேறு. இல்லாவிட்டால் கோப்பை இறக்கி, உங்கள் ஊரில் நல்ல பிரின்டரிடம் கொடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சுவருக்கு அழகு, பைக்கும் சேதமில்லை.

தாளைப் பற்றிக் கொஞ்சம். ‘சில்வர் ஜெலட்டின்’ என்பது மேலே சொன்ன இருட்டறை பிரின்ட். ‘ஆர்க்கைவல் பிக்மென்ட்’, ‘ஜிக்லே’ என்று அலங்காரமாக எழுதியிருப்பது நல்ல மையில், நல்ல தாளில் போட்ட இங்க்ஜெட். மட்டமான இருட்டறை பிரின்ட்டைவிட அருமையான இங்க்ஜெட் எத்தனையோ மேல். ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். ஒரு லூப் (உருப்பெருக்கி) வைத்துப் பார்த்தால் இங்க்ஜெட்டில் மைப்புள்ளி தெரியும், வெள்ளிப் பிரின்ட்டில் ஃபிலிமின் துகள்தான் தெரியும். அறுபது, எழுபதுகளின் வண்ண பிரின்ட் என்றால் நிறம் ஏற்கெனவே எவ்வளவு போயிருக்கிறது என்று பாருங்கள்.

எந்தப் படத்தை வாங்குவது? எல்லோரும் அதே பத்துப் படத்துக்கு முண்டுகிறீர்கள். கிளாஷ் குழுவின் ‘லண்டன் காலிங்’ உறையில் பால் சிமனன் பேஸ் கிடாரைத் தரையில் அடிக்கும் படத்தை 1979-இல் நியூயார்க் பல்லேடியம் அரங்கில் பென்னி ஸ்மித் எடுத்தார். அடி தன்மேல் விழுமோ என்று பின்வாங்கியபடியே எடுத்ததால் ஃபோகஸ் இல்லை. அது வேண்டாம் என்றுதான் அவரே சொன்னார், குழுவினர் கேட்கவில்லை. அப்படிப்பட்ட படத்தை ஆளுயரத்தில் வாங்கி என்ன ஆகப்போகிறது? சின்ன அளவில்தான் அதன் வேகம் நிற்கிறது. ‘அபி ரோடு’ உறைக்காக இயன் மக்மில்லன் 1969 ஆகஸ்ட் 8 அன்று, போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்திவைத்த கொஞ்ச நேரத்தில், ஏணிமேல் ஏறி நின்று எடுத்தவை ஆறு. உறைக்குப் போனது ஐந்தாவது. எனக்கு மற்ற ஐந்தையும் பார்ப்பதில்தான் சுவாரசியம்: கால்கள் ஒத்துவராத நடை, எதிர்ப்பக்கம் திரும்பும் வரிசை.

என் சொந்தச் சாய்வையும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்தே இல்லாத பழைய பத்திரிகை பிரின்ட்கள்தான் எனக்குப் பிடித்தவை. அமெரிக்க நாளிதழ்கள் தங்கள் பழைய படக்கிடங்குகளைக் காலி செய்தபோது ஏராளமாக வெளியே வந்தவை. பளபளப்புத் தாள், ஓரம் மடங்கியிருக்கும். பாடகரின் தலைமுடியைச் சுற்றி வெள்ளைப் பெயின்ட்டால் டச்சிங், எங்கே வெட்ட வேண்டும் என்று சிவப்புப் பென்சிலில் கோடு. திருப்பினால் ஏஜென்சியின் ரப்பர் ஸ்டாம்ப், பிரசுரமான தேதி, டைப் அடித்து ஒட்டிய குறிப்புச் சீட்டு பழுத்துப்போய்க் கிடக்கும். பாட்டு வந்த அதே வாரத்தில் போட்ட பிரின்ட் அது. எண் இட்ட பதிப்புக்குக் கொடுப்பதில் சிறு பகுதிதான் விலை. முதலீடு என்று வாங்குபவர்களுக்கு இது பிடிக்காது. முதலீட்டுக்காக வாங்குபவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு: கேலரியில் கொடுத்த விலை ஏலத்தில் திரும்பி வரும் என்று நம்பாதீர்கள், ஏல நிறுவனத்தின் கமிஷன் வேறு கழியும்.

கடைசியாக, நம் ஊர்ச் சங்கதி. கடல் தாண்டி வந்த படத்தைச் சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடையில் கொடுக்கிறீர்கள். அவர் வழக்கப்படி ஹார்ட்போர்டில் பசை தடவி முழுசாக ஒட்டி, கண்ணாடியை மேலே அழுத்தி ஆணி அடித்துவிடுவார். ‘சார், லேமினேஷன் போட்டுட்டா காலத்துக்கும் இருக்கும்’ என்று அன்பாகவும் சொல்வார். அவர்மேல் தப்பில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும். பசை கூடாது. அமிலம் இல்லாத அட்டை, படத்தின் மேல் ஓரத்தை மட்டும் பிடிக்கும் காகிதக் கீல், படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே மவுன்ட் அட்டையின் இடைவெளி, இவை போதும். கண்ணாடியில் படம் ஒட்டிக்கொண்டால் நம் கடற்கரை ஊர்களின் ஈரத்தில் பிரித்தெடுக்கவே முடியாது. மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். வெயில் விழும் இடமும் ஆகாது. வருஷத்துக்கு ஒருமுறை இறக்கிப் பின்னட்டையைப் பாருங்கள், ராமபாணப் பூச்சிக்கு ஜெலட்டின் என்றால் கொள்ளை ஆசை.

பணம் அனுப்புமுன் விற்பவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். பிரின்ட் போட்டது யார், எந்த ஆண்டு? எந்தத் தாள், எந்த முறை? எல்லா அளவும் ஏபியும் சேர்த்து மொத்தம் எத்தனை? இதே படம் வேறு முறையில் இனி வருமா? பின்பக்கத்தின் போட்டோ கிடைக்குமா? பதில் வந்தால் பிரின்ட் எடுத்து, ரசீதோடும் சான்றிதழோடும் ஒரே கோப்பில் வையுங்கள். நாளைக்கு நீங்களோ உங்கள் பிள்ளைகளோ விற்கும்போது கேட்பார்கள். நேர்மையான கேலரிக்கு இவை புதிய கேள்விகள் அல்ல, ஒரே நாளில் பதில் போட்டுவிடுவார்கள். பதிலுக்குப் பதில் ‘இன்னும் இரண்டே பிரதிதான் பாக்கி’ என்று அவசரப்படுத்தினால் அவரிடம் வாங்காதீர்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்